முதலில் எடுத்த கடைசிக் காட்சி

வீடியோவின் முடிவில், ஜெபத்துக்குத் தொடர்புகொள்ளுங்கள் என்று ஒரு எண் வரும். அது என்னுடைய எண். சபைக்கென்று தனியாக போன் கிடையாது. பாஸ்டரின் போன் பாதி நாள் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும். அவசரத்துக்கு என் எண்ணைப் போட்டுவைத்தேன், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் போன் வந்துகொண்டிருக்கிறது. எங்கெங்கேயோ இருந்து கூப்பிடுகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒரே ஆளைத்தான். என் அக்காவை.

எங்கள் சபை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், முப்பது பேர். கீழே காற்றடிக்கிற கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் மேலே தரை அதிரும், பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அது அடங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். புதிதாக வருகிறவர்கள் அவர் ஏதோ ஆழ்ந்த தியானத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். வார நாட்களில் அவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவர் யாராவது வேண்டுமென்றால் அவரைத் தேடிப் போகாதீர்கள், ஆள் பக்கத்திலேயே இருக்கிறான்.

வாலிபப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெரிய திரையும் வண்ண விளக்கும் உள்ள சபைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. நாமும் வீடியோ எடுப்போம் என்றார். எதை வைத்து என்று கேட்டேன். உனக்குத்தான் போட்டோ எடுக்கத் தெரியுமே என்றார். நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறவன். காது தெரியணும், சிரிக்கக் கூடாது, கண்ணாடியைக் கழற்றணும் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வேன். என் கலை அவ்வளவுதான்.

ஆனால் ஆரம்பித்த பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கடலில் புயல் அடிக்கிற காட்சிக்கு நீலப் போர்வையை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்து ஆட்ட, நடுவில் துணி துவைக்கிற தொட்டியில் மூன்று பேர் குந்தியிருக்க, டேபிள் பேனை முகத்துக்கு நேரே வைத்து எடுத்தேன். குடையைக் கவிழ்த்து உள்ளே வெள்ளைத் தாள் ஒட்டினால் அது விளக்கு. குரல் பதிவு செய்யத் துணி அலமாரிக்குள் ஆளை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினால் அது ஸ்டுடியோ. சபையின் பின்னறையில் யாரோ விட்டுப்போன சக்கர நாற்காலி ஒன்று கிடந்தது. அதில் நான் கேமராவோடு உட்கார, ஒருவர் தள்ளினால், படம் வழுக்கிக்கொண்டு போகும். பெரிய சபைக்காரர்கள் இதற்குத் தண்டவாளம் போடுவார்களாம்.

அக்காதான் என் எல்லா வீடியோவிலும். கிணற்றடிப் பெண், விதவை, அரசி, ஒருமுறை ஒன்பதடி உயர வீரன்கூட. தலையில் சல்லடையைக் கவிழ்த்துக்கொண்டு முக்காலி மேல் ஏறி நின்றாள், பின்னால் விளக்கு வைத்தேன், சுவரில் விழுந்த நிழல் பயங்கரமாக இருந்தது. நிழலுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியதுதான் ஒரே குறை. அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். கல்யாணமாகிப் போகும்போது சீர்வரிசை மாதிரி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மாமா தூர தூரம் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். அவர் எதற்கும் ஒன்றும் சொல்லமாட்டார்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த வீடியோக்களை எத்தனை பேர் பார்த்தார்கள் என்றால், புயல் காட்சிக்கு நாற்பத்து மூன்று. அதில் பன்னிரண்டு நான்.

அப்போதுதான் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீதம் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும். கட்டி சுருங்கினால் ஆபரேஷன், பிறகு நல்லாயிடலாம், வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர் அம்மா. முதல் தடவையிலேயே முடி கொட்டிவிடும் என்றும் சொன்னார்.   பஸ்ஸில் வீடு வந்ததும் அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பின்னலைப் பிடித்து முன்னால் போட்டுப் பார்த்தாள்.

அந்த வாரம் பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். போகும்போது, எல்லாம் முடிந்ததும், கடவுள் சுகம் கொடுத்தார் என்று அக்காவே சொல்கிற சாட்சி வீடியோவாக இதை எடுக்க வேண்டும், சபை ஆண்டு விழாவில் போட வேண்டும் என்றார். அது ஒரு ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு. நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் கடையைக் காலி செய்துகொண்டு திங்கட்கிழமை ஊரைவிட்டே போகிறார். சனி, ஞாயிறு இரண்டு நாள் அவருடைய பெரிய கேமராவை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த மாதிரி கேமரா அதற்குப் பிறகு என் ஆயுசுக்கும் கைக்கு வராது. ஆறு மாதம் கழித்து அக்கா குணமாகி வந்து நிற்கும்போது என்னிடம் இருப்பது கீறல் விழுந்த போன்தான். இதைத்தான் பாஸ்டரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப கடைசி சீனை இப்பவே எடுத்துடுடா," என்றாள். "முடி கொட்டறதுக்குள்ள."

பாஸ்டர் விரல்களைத் தேய்த்துக்கொண்டே நின்றார். அது சரியாக வருமா என்று இழுத்தார்.

"நடக்கும்னு நம்புறோம்ல? நம்புறதைத்தானே சொல்லப் போறேன். அதுல பொய் எங்க வந்துச்சு?"

வீடியோ என்றால் எப்போதும் முன்பின்னாகத்தான் எடுப்போம், கல்யாணக் காட்சியை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் பெண் பார்க்கிற காட்சி எடுப்பதில்லையா என்று நானும் சேர்ந்துகொண்டேன். இது விசுவாசம்தான் என்று கடைசியில் பாஸ்டர் சொன்னார். மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டு எந்த இடத்தில் கேமரா வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மாடிக்கு எதிரே முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு கட்டடம். மாலை நாலு இருபதுக்கு வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டு எங்கள் ஜன்னல் வழியே உள்ளே அடிக்கும். பதினோரு நிமிஷம். அதற்குப் பிறகு போய்விடும். இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது பார்த்து வைத்திருந்தேன். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைப் போர்வை ஒன்றைக் கட்டினேன், வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் மெதுவாக விழுவதற்கு. டயர் கடைக்காரரிடம் போய்க் கெஞ்சிப் பதினைந்து நிமிஷம் கம்ப்ரசரை நிறுத்த வைத்தேன். சக்கர நாற்காலியில் கேமராவோடு நான் உட்கார்ந்தேன், பாஸ்டர் பின்பக்கமாக இழுத்தார். பச்சைப் புடவையில், முடியை அவிழ்த்துவிட்டு, அக்கா எங்களை நோக்கி நடந்து வந்தாள்.

"நான் சுகமாயிட்டேன்," என்றாள். அவ்வளவுதான் வசனம்.

சொல்லிவிட்டு, அதில் இல்லாத ஒன்றைச் செய்தாள். சிரித்தாள். ஒரு பெரிய சுமையை இறக்கி வைத்தவள் சிரிக்கிற மாதிரி.  ஒரே ஒரு தடவைதான் எடுத்தோம், இரண்டாவது தடவைக்கு வெளிச்சம் இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த எட்டு நொடி மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுக்கவில்லை.

முதல் பாதியைப் பிறகு போனில் எடுத்தேன், இரண்டாவது மருந்து முடிந்த பிறகு. படுக்கையில் சாம்பல் நிறப் போர்வை போட்டு, ஜன்னலைப் பாதி மூடி, மொட்டைத் தலையோடு அவளைப் படுக்க வைத்தேன். "இன்னும் கொஞ்சம் பாவமா இருக்கணுமாடா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதற்கு நடிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

நான்காவது மருந்துக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சுருங்கியிருக்கிறது என்று வந்தது. பாதிக்குப் பாதி. ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. நான் ஜெராக்ஸ் கடையில் மத்தியான நேரத்தில், ஆள் வராத நேரமாகப் பார்த்து, இரண்டு பாதியையும் வெட்டி ஒட்டி வீடியோவை முடித்து வைத்திருந்தேன். பாஸ்டர் யோசித்தார். முழுசாகப் போன பிறகு போடலாமே என்றார். பாதி போனது மீதி போகாதா என்று அவரிடம் சண்டைக்குப் போனவன் நான். அக்காவிடம் கேட்டேன். அவள் அன்றைக்கு ரொம்பக் களைத்திருந்தாள், உனக்குச் சரின்னு பட்டா போடு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குச் சரியென்று பட்டது. ஆண்டு விழாவில் போட்டோம், எல்லாரும் அழுதார்கள். அன்றைக்கே அதை இணையத்திலும் ஏற்றினேன்.

முதல் நாள் தொள்ளாயிரம் பேர். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. ஒரு வாரத்தில் இருபதாயிரம். கீழே ஆயிரக்கணக்கில் எழுதுகிறார்கள், அந்த முகத்தில் மகிமை தெரிகிறது, அந்த வெளிச்சத்தைப் பாருங்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை அறுபது நாற்காலியும் நிரம்பி, படிக்கட்டில் ஆட்கள் நின்றார்கள். டயர் கடைக்காரர் நாற்காலிக்குப் பதிலாக டயர்களை அடுக்கிக் கொடுத்தார், அதிலும் உட்கார்ந்தார்கள். பாஸ்டர் முகத்தில் பல வருஷத்துக்குப் பிறகு ரத்தம் ஊறியது. வந்தவர்கள் நோயாளிகளைக் கூட்டி வந்தார்கள். அந்தச் சகோதரி எங்கே என்று கேட்டார்கள்.

சகோதரி எங்கள் நாடகப் பெட்டியிலிருந்த பொய்முடியைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கிணற்றடிப் பெண்ணுக்காக வாங்கியது. முகத்துக்கு நான்தான் கொஞ்சம் சிவப்புப் பூசிவிட்டேன். அவள் கையைப் பிடித்துத் தங்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள், குழந்தைகளின் வயிற்றில் வைத்துக்கொண்டார்கள். அவள் எல்லாருக்கும் ஜெபித்தாள், உண்மையாகவே மனமுருகி ஜெபித்தாள். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். அது மருந்தின் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அது மருந்தின் வேலை இல்லை. மருந்தை அவள் நிறுத்தி ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அதைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். வாந்தி வராமல் இருக்க ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரை அட்டை ஒவ்வொரு தடவையும் தீர்ந்துபோகும். இந்தத் தடவை பழைய அட்டையே பாதி அப்படியே இருந்தது. கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"அஞ்சாவது தடவைக்குப் போனேன்டா. வரிசையில நிக்கிறேன். முன்னாடி நின்ன அம்மா திரும்பிப் பார்த்துட்டு, நீங்க அந்த வீடியோ அக்கா தானேன்னு கேட்டாங்க. அவங்க பக்கத்துல பையன், பத்து வயசு இருக்கும், தலையில முடி இல்ல. அவன் என்னையே பாக்கறான். நீங்க சுகமாயிட்டீங்களே, இங்க எதுக்கு வந்தீங்கன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"என்ன சொன்ன?"

"ஒருத்தரைப் பாக்க வந்தேன்னு சொன்னேன். சொல்லிட்டு வந்துட்டேன்."

அதற்குப் பிறகும் இரண்டு தடவை கிளம்பியிருக்கிறாள். ஒருமுறை வாசல் வரை, ஒருமுறை பஸ் நிறுத்தம் வரை. அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை பேர் போனிலும் தன் முகம் இருக்கிறது என்றாள். அந்த வீடியோவை இணையத்திலிருந்து எடுத்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன் என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள், அழவில்லை. "நாளைக்கே எடுத்துடுடா," என்றாள்.

நான் பாஸ்டரிடம் ஓடினேன். அவர் ஒரு குடியிருப்பில் லிப்ட் குழிக்குள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். மேலிருந்து குனிந்து சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நானே எல்லார் முன்னாடியும் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு எடுத்துவிடு, சொல்லாமல் எடுத்தால் ஓடி ஒளிந்த மாதிரி ஆகும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நின்றார். அப்போது ஒருவர் நடக்க முடியாத தன் பெரிய மகனை முதுகில் சுமந்துகொண்டு படியேறி வந்து முன்வரிசையில் இறக்கினார். சுமந்தவரின் கால் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பாஸ்டர் வாயைத் திறந்தார். கீழே கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், அது அடங்கிய பிறகும் நின்றார். பிறகு பாட்டுப் பாடலாம் என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. யாரையும் கேட்க வேண்டாம், இரண்டு விரல் வேலை. அன்றைக்கு எண்ணிக்கை எழுபத்தோராயிரத்தைத் தாண்டியிருந்தது. இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை, பாஸ்டரிடம்கூட. நான் ஒரு லட்சத்துக்காகக் காத்திருந்தேன். காது தெரியணும், சிரிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வயசாகிப் போகிறவன் நான். ஒரு லட்சம் பேர் நான் எடுத்ததைப் பார்த்தார்கள் என்று ஆகிவிடட்டும், அடுத்த நிமிஷம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் இரண்டு நாளில் வந்துவிடும் என்றுதான் இருந்தது. பத்தொன்பது நாள் ஆனது.

அந்தப் பத்தொன்பது நாளில் அக்கா மூன்று தடவை கேட்டாள். எடுத்துட்டியாடா என்று. இன்னைக்கு எடுத்துடறேன் என்று மூன்று தடவையும் சொன்னேன். மூன்றாவது தடவை அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். தெரிந்துதான் பார்த்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு லட்சம் ஆன அன்றைக்கு, அழிப்பதற்கு முன்னால், அந்த எண்ணிக்கையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். என் லட்சணம் அது.

அழித்து என்ன பயன்? அதற்குள் அதை ஆயிரம் பேர் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் பின்னணி இசை சேர்த்தார்கள், சிலர் தங்கள் சபைப் பெயரை மூலையில் போட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரியாத மொழியில் அக்காவை யாரோ பேசவைத்திருந்தார்கள். நான் போட்டதில் ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை, கடைசியில் வரும் போன் எண்ணை.

ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அந்த இரண்டு மாதத்தில் அவள் அப்படி ஆகியிருந்தாள், கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் வீங்கி. டாக்டர் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எங்கே போயிருந்தீங்க இவ்வளவு நாள் என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் ஸ்கேன் படத்தைத் திருப்பி மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். இனி ஆபரேஷன் செய்ய முடியாது என்றார். முன்பே விடாமல் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று தனியாகப் போய்க் கேட்டேன். அதை இப்போது சொல்வதில் அர்த்தமில்லை என்றார். சொல்லிவிட்டாரே.

மாமா லாரியை எங்கேயோ விட்டுவிட்டு வந்தார்.   நான் உட்கார்ந்திருக்கிற அறையிலிருந்து எழுந்து அடுத்த அறைக்குப் போவார், அவ்வளவுதான். இப்போதும் அப்படித்தான்.

இன்னொரு வீடியோ எடுக்க வேண்டும் என்று கேட்டது அக்காதான். அதே இடத்தில் என்றாள். மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், பின்னறையிலிருந்த சக்கர நாற்காலியில் உட்கார வைத்தோம். கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். "கேமரா உக்கார வேண்டிய இடத்துல என்னை உக்கார வெச்சிட்டியே," என்றாள். பாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலு இருபது வரை அவளால் உட்கார முடியாது. அதனால் காலையிலேயே எடுத்தேன். குடை இல்லை, போர்வை இல்லை, பொய்முடி இல்லை. கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லவில்லை, அவள் வேண்டாம் என்றாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த வீடியோல வந்தது நான்தான்," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எனக்குச் சுகம் ஆகல. ஆகும்னு நெனச்சு முன்னாடியே எடுத்துட்டோம். என்னைப் பார்த்துட்டு யாரும் மருந்தை நிறுத்தாதீங்க. நான் நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது. கடவுள் மேல எனக்குக் கோவம் இல்ல." கம்ப்ரசர் ஓடியது. அது அடங்கும் வரை காத்திருந்தாள். "என் தம்பி மேலயும் இல்ல."

கடைசி வரியை வெட்டிவிடலாமா என்று பலமுறை பார்த்தேன். கை வரவில்லை. அப்படியே ஏற்றினேன். முப்பத்தொரு பேர் பார்த்தார்கள். கீழே நான்கு பேர் எழுதியிருந்தார்கள். யார் இந்த அம்மா என்று ஒருவர். சாட்சியைக் கெடுக்கக் கிளம்பிய கூட்டம் என்று ஒருவர். முகத்தைப் பாருங்கள், இது அந்தச் சகோதரியே இல்லை என்று இரண்டு பேர்.

ஐந்து வாரம் கழித்து அக்கா போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தின்போது பாஸ்டர் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னார், எப்போது எடுத்தோம், ஏன் எடுத்தோம், யார் சொல்லத் தவறினார்கள் என்று, தன் பெயரைத்தான் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பதினொரு பேர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் மாடியைக் காலி செய்தோம். இப்போது அங்கே டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாஸ்டர் லிப்ட் வேலைக்குப் போகிறார், வழியில் பார்த்தால் நின்று என் தோளைத் தட்டிவிட்டுப் போவார்.

நான் போன் எண்ணை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று மாமாவின் தங்கை ஒருமுறை கேட்டாள். மாற்றினால் கூப்பிடுகிறவர்களுக்கு யார் சொல்வது என்றேன். வருகிற ஒவ்வொரு போனுக்கும் உண்மையைச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் மன்னிக்கணும் என்று வைத்துவிடுவார்கள். சிலர் அழுவார்கள். சிலர் திட்டுவார்கள், திட்டு வாங்கினால் அன்றைக்குக் கொஞ்சம் சாப்பிட முடிகிறது.

நேற்று மத்தியானம் ஒரு அம்மா கூப்பிட்டார். மகளுக்குப் பத்தொன்பது வயசு, எலும்பில் கட்டியாம். இரண்டு தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது, நாளைக்கு மூன்றாவது. பிள்ளை ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே வைக்க முடியாமல் துடிக்கிறாள், இனி வேண்டாம்மா என்று காலைப் பிடிக்கிறாள், எங்களுக்கும் மனசு தாங்கவில்லை என்றார். அக்காவிடம் ஒரு நிமிஷம் பேசினால் போதும், அவர்கள் ஜெபித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்குப் போகாமல் விட்டுவிடுவோம் என்றார்.

கடையில் ஒருவர் போட்டோவுக்காக முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக எடுக்க வேண்டியதை முதலில் எடுத்தது, மருந்தை விட்டது, இறந்தது. மகளை நாளைக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினேன்.

 "ஏன் தம்பி இப்படிப் பேசறீங்க," என்றார் அந்த அம்மா. கோபமில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "காலையிலகூட வீடியோல பார்த்தேனே. எவ்வளவு தெளிவா இருக்காங்க."

இன்னொரு வீடியோ இருக்கிறது, அனுப்புகிறேன், அதைப் பாருங்கள் என்றேன். அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்து நீலமானது. பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே போய் முக்காலியில் இருந்தவரைக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன், காது தெரிகிற மாதிரி முடியை ஒதுக்கச் சொன்னேன். படம் எடுத்தேன். ஆடிப்போயிருந்தது. மறுபடி எடுத்தேன். அப்போது குரல் செய்தி ஒன்று வந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"இது அந்த அக்கா இல்ல தம்பி. அந்த அக்கா முகத்துல ஒரு வெளிச்சம் இருக்கு. உங்களுக்கு எங்க மேல என்ன கோவம்னு தெரியல. நாங்க அவங்க சொன்னதையே நம்பிக்கறோம்."

உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். முக்காலியில் இருந்தவர் போட்டோ எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு எழுதினேன், அந்த வெளிச்சம் எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் பட்டு வந்ததும்மா, நாலு இருபதுக்கு வரும், பதினோரு நிமிஷம்தான் இருக்கும், நான்தான் வெள்ளைப் போர்வை கட்டி அதை முகத்தில் விழவைத்தேன் என்று. அனுப்பினேன்.

ஒரு டிக்தான் விழுந்தது. என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இன்றைக்குக் காலையிலும் பார்த்தேன், ஒரு டிக்தான்.